கோவையும் அடைவும் இடாப்பும்

கிளிநொச்சி மாவட்டச் செயலகத்திலிருந்தோ ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்திலிருந்தோ ஒரு கடிதம் வந்தால், அதன் தலையில் ‘எனது இல.’, ‘உமது இல.’ என்று இரண்டு வரிகள் இருக்கும். முதல் வரிக்கு எதிரே எழுதியிருப்பதை நின்று பார்ப்பவர்கள் குறைவு. மாகாணத்துக்கு ஒரு சுருக்கம், பிறகு சாய்கோடு. மாவட்டத்துக்கு ஒரு சுருக்கம், பிறகு சாய்கோடு. காணியா கணக்கா நிருவாகமா என்று கிளையின் பெயர். அதற்குப் பிறகு விடயம். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓர் எண். பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கி வருகிற அந்த வரியைப் பிடித்துக்கொண்டு போனால் எந்தக் கிளை, எந்த அலுமாரி, எந்தத் தட்டு என்று தெரிந்துவிடும். நேற்று மாற்றலாகி வந்த முகாமைத்துவ உதவியாளருக்கும் அது போதும்.

கணினிக்குள் ஒரு கோப்பு இருக்கும் இடத்தை எழுதுவதும் இப்படித்தான். 1960களில் மல்டிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை எழுதியவர்கள் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே ‘பெரிது’ என்னும் கணிதக் குறியைப் போட்டார்கள். யுனிக்ஸ் சாய்கோட்டுக்கு மாறியது. 1983இல் வந்த எம்எஸ்-டொஸ் இரண்டாம் பதிப்பில் சாய்கோட்டுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருந்ததால் அதைப் பின்பக்கமாகச் சாய்த்துவிட்டார்கள். விண்டோஸ் பாவிப்போர் இன்றுவரை அந்தப் பின்சாய்வோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். நமது கச்சேரி எழுதுவினைஞர்களுக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. (கச்சேரி என்றால் இங்கே மாவட்டத்தின் தலைமை அலுவலகம், தமிழ்நாட்டு வாசகர் மிருதங்கத்தைத் தேட வேண்டாம்.)

‘நிரல் நூலகம் ஒன்றை அழைத்து ஓர் அடைவிலுள்ள கோப்புகளையும் கோப்புறைகளையும் பட்டியலிடு’: பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும் கணினி படிக்கிற மாணவருக்கு இது ஒற்றை வரி வேலை. அந்த வாக்கியத்தில் வருகிற நூலகம், கோப்பு, கோப்புறை, அடைவு என்ற நான்கு பெயர்களும் நாலு திசையிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்று வன்னிக் காதில் சரியாக விழவில்லை என்பது என் எண்ணம். அதற்கு வருமுன் கோப்பின் கதையைப் பார்க்க வேண்டும், அதுதான் நீளமானது.

வன்னியில் வாய்ச்சொல் ‘பைல்’. “அண்ணை, அந்தப் பைலை ஒருக்கா எடுங்கோ” என்பதற்கு மேல் யாரும் தமிழ் தேடுவதில்லை. எழுத்துக்கு வரும்போது அது ‘கோவை’ ஆகிவிடும். ஊழியரைப் பற்றியது சுயவிபரக் கோவை, நிலத்தைப் பற்றியது காணிக் கோவை. விதிகளின் தொகுப்புக்கும் இலங்கையில் அதே சொல்: அரச ஊழியரின் லீவு முதல் ஓய்வுபெறுவது வரை ஆளுகிற நூல் தாபன விதிக்கோவை; 1883ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் தண்டனைச் சட்டக்கோவை. தமிழ்நாட்டில் அலுவலகச் சொல் ‘கோப்பு’. அங்கே கோவை என்றால் கோயம்புத்தூர்.

இரண்டு சொல்லும் ‘கோ’ என்ற ஒரே வினையின் பிள்ளைகள். ஊசியில் நூல் கோக்கிறோம், பூக் கோக்கிறோம், குளத்தில் பிடித்த மீனைச் செவுள்வழியே நார் கோத்துத் தூக்கி வருகிறோம். கோக்கப்பட்டது கோவை; கோத்தலும் கோத்ததால் வந்த ஒழுங்கும் கோப்பு. இலக்கியத்தில் கோவை ஒரு பிரபந்த வகை. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் 400 பாட்டுகள். தலைவனும் தலைவியும் முதன்முதல் காண்பதில் தொடங்கித் துறை துறையாகக் காதல் வளர்ந்து போகும். ஈழத்தில் ஒல்லாந்தர் காலத்து நல்லூர் சின்னத்தம்பிப் புலவர் பாடிய கரவை வேலன் கோவையும் அந்த வழியில் வந்தது. கோவையில் ஒரு பாட்டை உருவி வேறிடத்தில் வைக்க முடியாது. வரிசையை நூல் கட்டுப்படுத்துகிறது.

ஆங்கிலச் சொல்லின் அடியையும் தோண்டிப் பார்த்தால் அங்கேயும் நூல்தான் கிடக்கிறது. லத்தீனில் ‘ஃபிலும்’ என்றால் இழை, நூல். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்த காலத்தில், கடதாசிகளைத் துளைத்து நூலிலோ கம்பியிலோ ஏற்றி வைப்பதுதான் அலுவலக வழக்கம். அந்த நூலுக்குப் பெயர் ஃபைல். நாளடைவில் நூலில் ஏறிய கட்டுக்கு அந்தப் பெயர் போனது. பிறகு கட்டை மூடிய மட்டைக்குப் போனது. துளையட்டைகளின் அடுக்குக்கும், கடைசியில் காந்த வட்டில் கிடக்கும் எழுத்துக்கும் போனது. நூல் அறுந்து எவ்வளவோ காலமாகியும் பெயர் அறவில்லை. தமிழில் கோவை என்று பெயரிட்டவர்கள் லத்தீன் பார்த்துச் செய்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகச் செய்திருக்க முடியாது.

நம்மிடம் அந்த நூல் கண்முன்னே இருந்தது. ஓலைச்சுவடியில் இரண்டு துளைகள். ஒன்றில் நாராசம் என்ற செப்புக் கம்பியோ மூங்கில் குச்சியோ நிற்கும், மற்றதில் கயிறு ஓடும். கயிறு உருவிப் போகாமல் நுனியில் கட்டும் ஓலைத் துண்டுக்குக் கிளிமூக்கு என்று பெயர். கிளிமூக்கைக் கழற்றிவிட்டு ஏட்டை உதறினால் எந்த ஏடு எதற்கு முன் என்று திண்டாட வேண்டியதுதான். இன்றைக்கும் பிரதேச செயலகக் கோவையைத் திறந்தால் இடப்பக்க மூலையில் துளை, துளையில் இரு நுனியிலும் தகரம் வைத்த நூல். புதிய கடிதம் மேலே ஏறும், பழையது அடியில் இருக்கும், ஒவ்வொன்றின் மூலையிலும் பக்க எண். யாராவது நடுவிலிருந்து ஒன்றை உருவினால் எண் காட்டிக்கொடுக்கும்.

நூலகம் என்ற பெயரும் இதே இழையில் வருகிறது. நூல் என்பது புத்தகத்துக்கும் பெயர், திரித்த பஞ்சுக்கும் பெயர். சொற்களிலிருந்து நூல் உருவாவதைப் பஞ்சிலிருந்து இழை நூற்பதோடு பொருத்திக் காட்டுவது நன்னூல் பாயிரம். நிரலாளர் ‘நூலகம்’ என்பது, முன்பே எழுதிச் சோதித்து வைத்த சிறு நிரல்களின் சேமிப்பு. அதற்கு அந்தப் பெயர் வந்த காலத்தில் அது உண்மையாகவே ஓர் அலுமாரி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினியை இயக்கியவர்கள், அடிக்கடி தேவைப்படும் கணக்கு வழிகளைத் துளையிட்ட கடதாசி நாடாக்களில் எழுதி, இழுப்பறைகளில் பெயரிட்டு அடுக்கினார்கள். வேண்டியவர் நாடாவை எடுத்துத் தன் நாடாவோடு சேர்த்துப் படியெடுப்பார். வில்க்ஸ், வீலர், கில் மூவரும் அதைப் பற்றி எழுதிய புத்தகம் 1951இல் வந்தது. ஈழத்தமிழருக்கோ நூலகம் என்றால் 2005இல் தொடங்கிய இணைய நூலகமும் நினைவுக்கு வரும். அங்கேயும் நடப்பது கோத்து வைப்பதுதான்.

இலங்கைப் பள்ளிப் பாடநூல்கள் கணினிக்கு வந்தபோது கோவையை விட்டுவிட்டுத் தமிழ்நாட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டன. ஆகவே கரைச்சிப் பிரதேச செயலகத்தில் ஒரே மேசையில் இரண்டு சொற்கள்: திரைக்குள் கோப்பு, மேசைமேல் கோவை. இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. காகிதமும் மின்னெழுத்தும் வேறு வேறு என்று காட்ட ஒரு வினையின் இரண்டு பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டது நல்ல குடும்ப ஏற்பாடு.

சிக்கல் தொடங்குவது டிரெக்டரியில். அந்தச் சொல் ஆங்கிலத்தில் முதலில் வழிகாட்டும் நூலைக் குறித்தது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் வழிபாட்டை எப்படி நடத்துவது என்று வெளியிட்ட நூலுக்கு அதுதான் பெயர். பிறகு ஒரு நகரத்தில் எந்தத் தெருவில் எந்த வணிகர் என்று சொல்லும் பட்டியல் நூல்களுக்கு அந்தப் பெயர் இறங்கியது. கொழும்பில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வெளிவந்த பேர்குசன் டிரெக்டரி அப்படிப்பட்டது. தோட்டங்கள், உத்தியோகத்தர்கள், வணிக நிறுவனங்கள் என்று இலங்கை முழுவதும் அதற்குள் வரிசைகட்டி நிற்கும். ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களுக்கு எழுதிய கைநூல் அந்தப் பெயரைச் சூடவில்லையென்றாலும், மாவட்டத்துக்குப் புதிதாக வரும் உத்தியோகத்தருக்கு அதே வேலையைச் செய்தது. இந்த எல்லா நூல்களிலும் பொதுவான ஒன்று: அவற்றுக்குள் தோட்டம் கிடையாது, குளம் கிடையாது. பெயர் இருக்கும், எங்கே என்று இருக்கும்.

கணினிக்காரர்கள் அந்தப் பொருளோடுதான் சொல்லை எடுத்தார்கள். எம்ஐடியில் 1961இல் காட்டப்பட்ட சிடிஎஸ்எஸ் முறைமையில் ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஒரு கோப்பு டிரெக்டரி இருந்தது. அதை அச்சிட்டுக் காட்டும் கட்டளைக்கு ‘லிஸ்ட்எஃப்’ என்று பெயர். 1965இல் டேலியும் நியூமனும் மல்டிக்ஸின் கோப்பு முறைமையை விளக்கி ஒரு கட்டுரை வாசித்தார்கள். அவர்கள் சொன்ன வரையறை இன்றும் அசையவில்லை: டிரெக்டரி என்பது பதிவுகளின் பட்டியலைத் தாங்கிய ஒரு தனிவகைக் கோப்பு. டிரெக்டரிக்குள் டிரெக்டரி, அதற்குள் இன்னொன்று என்று மரமாகக் கிளைக்கும் அமைப்பை ஒழுங்காக வகுத்ததும் அந்தக் கட்டுரைதான். மல்டிக்ஸில் பட்டியலிடும் கட்டளை ‘லிஸ்ட்’. அதன் சுருக்கமே யுனிக்ஸுக்கு வந்த ‘எல்எஸ்’. டொஸ் பழகியவர்கள் ‘டிர்’ என்று தட்டுவார்கள்.

தமிழில் அதற்கு ‘அடைவு’ என்று பெயர் வைத்தார்கள். லினக்ஸின் தமிழ் முகங்களில் அது நிலைத்துவிட்டது. வைத்தவர்கள் படித்தவர்கள்தான். அடைவு என்பதற்கு முறை, வரிசை என்று பழைய பொருள் உண்டு. வைணவ உரைகளில் ‘அடைவே’ என்றால் முறையாக, ஒன்றன்பின் ஒன்றாக. சங்க நூல்களுக்குச் சொல்லடைவு தயாரித்தவர்கள், எந்தச் சொல் எந்தப் பாட்டில் எந்த அடியில் என்று காட்டும் அட்டவணைக்கு அந்தப் பெயரைத் தந்தார்கள். டிரெக்டரியின் உண்மையான வேலைக்கு அது நெருங்கிய சொல். பண்டிதர் சபையில் நூற்றுக்கு நூறு கிடைக்கும்.

புதுக்குடியிருப்புச் சந்தியில் கிடைக்காது. அங்கே அடைவு என்றால் நகை. பிள்ளையின் படிப்புக்கோ பெரும்போக விதைப்புக்கோ சங்கிலியைக் கொண்டுபோய் அடைவு வைப்பார்கள். அறுவடை முடிய மீட்பார்கள். தமிழ்நாட்டார் அடகு என்பதை நாம் அடைவு என்கிறோம். அதைவிட்டால் பள்ளிக்கூடம்: கற்றல் அடைவு, அடைவுமட்டம், அடைவுச் சோதனை. அங்கே அடைவு என்பது பிள்ளை எட்டிய உயரம். கடன் ஒரு பக்கமும் புள்ளி ஒரு பக்கமுமாக நிற்கிற சொல்லை எடுத்து ‘புதிய அடைவை உருவாக்கு’ என்று திரையில் போட்டால், வாசிக்கிறவர் ஒரு கணம் திகைப்பார்.

நகை அடைவிலும் பட்டியல் உண்டு என்று வாதாடலாம். உண்மைதான். பொருள் ஒருவரிடம், துண்டு ஒருவரிடம். துண்டிலுள்ள இலக்கம் பேரேட்டில் இருந்தால்தான் சங்கிலி திரும்பும். பேரேடும் துண்டும் தொலைந்தால் என்ன ஆகும் என்பதை வன்னி அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். போர்க்காலத்தில் விடுதலைப் புலிகள் நடத்திய வைப்பகத்தில் சனம் அடைவு வைத்த நகைகள் போரின் முடிவில் இராணுவத்திடம் போயின. அப்படி மீட்கப்பட்டவற்றை, உரியவர்களைக் கண்டறிந்து சட்டப்படி சேர்ப்பதற்கென்று 2025 மே மாதம் இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. 16 ஆண்டு. தங்கம் இருந்தது, எது யாருடையது என்று சொல்லும் வரிசைதான் கேள்வியாக நின்றது.

‘கோப்புறை’ வந்தது டிரெக்டரிக்கு இன்னொரு பெயர் கிடைத்ததால். 1981இல் ஸெரொக்ஸ் நிறுவனம் ஸ்டார் என்ற கணினியின் திரையை அலுவலக மேசைபோல் வரைந்தது. மட்டை உறை ஒன்றின் படம், அதற்குள் கடதாசிகள். ஆப்பிள் அதை லிசாவிலும் மக்கின்டோஷிலும் வளர்த்தது. மைக்ரோசொப்ட் விண்டோஸ் 95இல் டிரெக்டரியைக் கைவிட்டு ஃபோல்டருக்கு மாறியது. தமிழில் கோப்பு, அதற்கு ஓர் உறை: கோப்புறை. சொல் அழகாக ஒட்டியிருக்கிறது. உறை என்றால் வன்னியாருக்கு விளக்கவும் வேண்டாம். கடித உறை, தலையணை உறை, பொலித்தீன் உறை. அந்தக் கடைசி உறைதான் இங்கே மெய்யான கோப்புறையாக இருந்தது. காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை எல்லாம் அதற்குள் மடித்துக் கட்டி, ஒவ்வொரு இடப்பெயர்விலும் பிள்ளைகளுக்கு அடுத்ததாகத் தூக்கிக்கொண்டு ஓடியது அதைத்தான்.

சொல்லைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, படம்தான் பிழை. உறைக்குள் போட்ட கடதாசி உறைக்குள்தான் இருக்கும். ஒரே கடதாசி இரண்டு உறைக்குள் இருக்காது. கணினியில் அப்படியில்லை. யுனிக்ஸ் வகை முறைமைகளில் டிரெக்டரிக்குள் கோப்பு கிடையாது. அதில் வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஓர் எண். அந்த எண்தான் ஆள். அடையாள அட்டை இலக்கம் மாதிரி. ஒரே எண்ணை இரண்டு டிரெக்டரிகளில் இரண்டு பெயரில் பதியலாம், கோப்பு ஒன்றே.

இதற்கு வன்னியிலேயே சாட்சி இருக்கிறது. கிளிநொச்சி 1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி நிருவாக மாவட்டமானது. ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் இன்றும் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். வன்னித் தேர்தல் மாவட்டத்தில் இருப்பவை மன்னார், முல்லைத்தீவு, வவுனியா. வன்னிப் பெருநிலத்தில் கிடக்கும் ஊர், வன்னி என்ற பெயர் தாங்கிய பட்டியலில் இல்லை; வேறு இரண்டு பட்டியல்களில் இருக்கிறது. 1984இல் பரந்தன் சந்தி ஓரங்குலம் நகரவில்லை. ஒரு வரி ஓரிடத்தில் அழிக்கப்பட்டு இன்னோரிடத்தில் எழுதப்பட்டது, அவ்வளவே. பல கிகாபைட் கொண்ட கோப்புறையை ஒரே வட்டுக்குள் வேறிடத்துக்கு ‘நகர்த்தினால்’ கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடுவதும் இதனால்தான். நீக்குவதும் அப்படி: யுனிக்ஸில் அழிப்பதற்கான அழைப்பின் பெயரே ‘இணைப்பை அவிழ்’ என்ற பொருள் தருவது. ஒரு பெயர் போனாலும் இன்னொரு பட்டியலில் பெயர் இருக்கும்வரை கோப்பு சாகாது.

ஆரம்பத்தில் இந்தப் பட்டியலை வாசிக்க நூலகம் எதுவும் தேவைப்படவில்லை. டிரெக்டரியும் ஒரு கோப்புத்தானே, திறந்து வாசித்தால் முடிந்தது. பழைய யுனிக்ஸில் ஒரு வரிக்கு 16 பைட்: இரண்டு எண்ணுக்கு, 14 பெயருக்கு. நிரலாளர் பதினாறு பதினாறாக எண்ணிக்கொண்டு போனார். (இன்றைய யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் வேண்டும். ‘முல்லைத்தீவு’ என்று எழுதப் பன்னிரண்டு குறி, 36 பைட். அந்தப் பழைய வரிக்குள் ‘முல்’ மட்டுமே அடங்கியிருக்கும்.) 1983இல் பேர்க்லியிலிருந்து வந்த யுனிக்ஸ் 4.2 பதிப்பு 255 பைட் வரை நீளமான பெயர்களை அனுமதித்தது. வரிகள் நெட்டையும் குட்டையுமாகிவிட்டன. பதினாறாக எண்ணியவர்கள் எல்லாரும் விழுந்தார்கள். ஆகவே, திற, அடுத்த வரியைத் தா, மூடு என்று மூன்று வேலை செய்யும் சிறு நூலகம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். 1988இல் பொசிக்ஸ் நியமம் அதை ஏற்றது. இன்று எந்த மொழியில் எழுதினாலும், யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் அடியில் ஓடுவது பெரும்பாலும் அந்த மூன்றும்தான்.

நம் உயர்தர வகுப்புப் பாடத்திட்டத்தில் இருக்கும் பைதனில் இதற்கு ‘லிஸ்ட்டிர்’. இடத்தைச் சொன்னால் பெயர்களை மட்டும் தரும். எது கோப்பு, எது கோப்புறை என்று தெரிய ஒவ்வொன்றையும் திரும்பப் போய் விசாரிக்க வேண்டும். உண்மையில் முறைமை பெயரோடு அந்த விபரத்தையும் பெரும்பாலும் கொடுத்துக்கொண்டிருந்தது. லிஸ்ட்டிர் அதை வாங்கி எறிந்துவிட்டது. பென் ஹொய்ட் என்பவர் எறியாமல் வைத்திருக்கும் ‘ஸ்கேன்டிர்’ என்ற வழியை முன்மொழிந்தார். 2015இல் பைதன் 3.5 அதைச் சேர்த்துக்கொண்டது. மரம் முழுவதையும் நடந்து பட்டியலிடும் வேலை விண்டோஸில் எட்டு ஒன்பது மடங்கு வேகமானது என்று அவர் கணக்குக் காட்டினார். இப்போது ‘பாத்லிப்’ என்ற இன்னொரு வழியும் உண்டு, எழுத இலகுவானது. எதைப் பாவித்தாலும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வருகிற பட்டியலுக்கு ஒழுங்கு கிடையாது. பைதன் கையேடே அப்படித்தான் சொல்கிறது. ஈஎக்ஸ்டி4 போன்ற கோப்பு முறைமைகள் விரைவாகத் தேடுவதற்காகப் பெயரை ஒரு கணக்கில் போட்டு வரும் எண்ணின்படி வைக்கின்றன. பட்டியலும் அந்தப்படியே வெளிவரும். முறை, வரிசை என்று பொருள்படும் சொல்லைப் பெயராகக் கொண்ட ஒன்று, தன் உள்ளடக்கத்தை முறையின்றிக் கொட்டுகிறது.

ஒழுங்குபடுத்தச் சொன்னாலும் தமிழுக்கு ஒழுங்கு வராது. பச்சிலைப்பள்ளி, பம்பைமடு, பரந்தன், பளை, பனங்காமம் என்று ஐந்து கோப்புறைகள் இருக்கட்டும். நான் எழுதிய வரிசை அகராதி வரிசை: ச, ம, ர, ள, ன. பைதனின் சாதாரண வரிசையாக்கம் பனங்காமத்தைத் தூக்கிப் பம்பைமடுவுக்கு முன்னால் வைக்கும். காரணம் யூனிகோட். அதன் தமிழ்ப் பகுதி இந்தியாவின் இஸ்கி குறிமுறையைப் பின்பற்றியது. இஸ்கி தேவநாகரியின் கட்டங்களில் மற்ற எழுத்துகளைப் பொருத்தியது. அப்படிப் பொருத்தியதில் நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான ன, ந-வுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. ற-வும் ர-வின் அருகுக்குப் போனது. புள்ளியும் உயிர்க்குறிகளுக்குப் பிந்திவிட்டதால், க் என்பது கௌ-வுக்கும் பின்னால் வரும். தமிழ் ஒழுங்கு தெரிந்த வரிசையாக்க நூலகத்தைத் தனியாக அழைத்தால்தான் பனங்காமம் தன் இடத்துக்குத் திரும்பும். பண்டார வன்னியனின் நாட்டில் பெயர்போன பற்று அது; இப்படி அலைக்கழிக்கக் கூடாது.

டிரெக்டரிக்கு வன்னி ஏற்கெனவே பாவிக்கும் சொல் ஒன்று இருக்கிறது: இடாப்பு. பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பு. தேர்தலுக்குத் தேருநர் இடாப்பு. தமிழ்நாட்டில் பதிவேடு என்றோ பட்டியல் என்றோ சொல்லிவிடுவார்கள். இங்கே முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் இடாப்பு தெரியும். ரீச்சர் திறக்கிறார், பெயரை ஒவ்வொன்றாய்ப் படிக்கிறார், மூடுகிறார். 1983இன் நூலகம் செய்கிற மூன்று வேலையும் அவ்வளவுதான். இடாப்புக்குள் பிள்ளை உட்கார்ந்திருப்பதாக யாரும் நினைப்பதில்லை. பெயர் வெட்டுப்பட்டால் பிள்ளை மறைந்துபோவதில்லை என்பதும் தெரியும். இடம்பெயர்ந்து புத்தளத்திலும் கொழும்பிலும் இருந்துகொண்டு சொந்த ஊர் இடாப்பில் பெயர் வைத்திருந்தவர்களுக்கு, ஆள் வேறு, வரி வேறு என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தூய தமிழ் வேண்டுவோர் முகம் சுளிப்பார்கள். டகரம் மொழிமுதல் வராது என்பதால் முன்னால் ஓர் இகரத்தை ஏற்றிக்கொண்ட சொல் அது. பிறப்புச் சான்றிதழ் கேட்டால் தடுமாறும். அதற்கு முன்னே நிலப் பதிவுக்கு இருந்த ‘தோம்பு’ போர்த்துக்கேயத்தின் ‘தொம்பு’; ஒல்லாந்தரும் அதையே வைத்திருந்தார்கள்; யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் அது ஊறிப்போயிற்று. பதிவு என்ற வேலை ஆள வந்தவர்களோடு வந்ததால் பெயரும் அவர்களோடு வந்திருக்கிறது. கச்சேரியையும் பைலையும் வைத்துக்கொண்டு இடாப்பை மட்டும் வாசலில் நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை.

செய்வது கடினமும் அல்ல. குனு சீ நூலகத்தில் இந்தியத் தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்கு ஒன்று என்று இரண்டு தனி வட்டார அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. திகதி எழுதும் முறைக்கும் நாணயக் குறிக்கும் வைத்த அந்தப் பிரிவைச் சொல்லுக்கும் பயன்படுத்தலாம். லினக்ஸ் செயலிகளின் மொழிபெயர்ப்புகள் வரி வரியாக எழுதப்பட்ட சாதாரணக் கோப்புகள். இலங்கைத் தமிழுக்கென்று ஒரு பிரதி எடுத்து, அதில் ‘அடைவு’ வருகிற வரிகளை ‘இடாப்பு’ என்று மாற்றி, பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் ஒரு தவணைக்கு ஓடவிட்டுப் பார்க்கலாம். கோப்பில் கைவைக்க வேண்டாம். பாடநூலில் ஏறிவிட்ட சொல், நல்ல சொல். ‘கோப்புறை’ படம் காட்டும் இடங்களில், மஞ்சள் மட்டையைச் சொடுக்கும் இடங்களில், இருந்துவிட்டுப் போகட்டும். கட்டளை வரியிலும் நிரலிலும், பட்டியலைத் திறந்து பெயர் பெயராக வாசிக்கிற இடத்தில் மட்டும் இடாப்பு போதும்.